காரின் உள்பக்கத்தை எங்கே சுத்தம் செய்வது: வீட்டிலா, வாட்டர் வாஷிலா, டீடெய்லிங் கடையிலா, சர்வீஸ் சென்டரிலா?

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் கார் வைத்திருக்கும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "வண்டிக்குள்ள ஒரு மாதிரி நாத்தம் அடிக்கு, எங்க குடுத்து கிளீன் பண்ணலாம்?" சிலர் ஏற்கெனவே ஒரு கடையில் கொடுத்து, நாற்றம் முன்பைவிடக் கூடிப்போன பிறகு கேட்கிறார்கள். நானும் அப்படி ஒருமுறை பட்டவன்தான்.

நான்கு வருடங்களுக்கு முன்பு குளச்சலில் சாளை (மத்தி மீன்) வாங்கி வரும் வழியில் கவர் கிழிந்து, மீன் வெள்ளம் (மீன் தண்ணீர்) டிக்கியில் ஒழுகிவிட்டது. அன்றைக்கே ஒரு வாட்டர் வாஷ் கடையில் வண்டியை விட்டேன். அங்கிருந்த பையன் நல்ல மனதோடு டிக்கி, பின்சீட், தரை எல்லாவற்றுக்கும் ஷாம்பு போட்டுத் தேய்த்துக் கழுவினான். "அண்ணா, வெயில்ல ரெண்டு மணிக்கூர் போட்டா காஞ்சிரும்" என்றான். வெயில் வரவில்லை. ஐந்து நாள் விடாத மழை. மூன்றாம் நாள் மீன் நாற்றத்தோடு பூசண நாற்றமும் சேர்ந்துகொண்டது. மகளைப் பள்ளியில் விடப் போனால் பார்வதிபுரம் தாண்டுவதற்குள் அவளுக்கு இருமல் தொடங்கிவிடும். ஏற்கெனவே வீசிங் உள்ள பிள்ளை. கடைசியில் மேட்டைத் தூக்கி, கார்பெட்டின் ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். அடியில் இருந்த பஞ்சு, பிழிந்தால் தண்ணீர் ஒழுகும் நிலையில் இருந்தது.

அதன்பிறகு வீடு, வாட்டர் வாஷ், டீடெய்லிங் கடை (காரை நுணுக்கமாகச் சுத்தம் செய்வதையே தொழிலாகக் கொண்ட கடை), சர்வீஸ் சென்டர் என்ற நான்கு வழிகளையும் வெவ்வேறு சமயங்களில் பயன்படுத்திவிட்டேன். எது எப்போது சரி என்று அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல் ஈரம். நம் மாவட்டத்தில் காரின் உள்பக்கத்தைக் கெடுப்பது அழுக்கைவிட ஈரம்தான். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நமக்கு உண்டு. இடைப்பட்ட மாதங்களிலும் கடல்காற்று இருக்கிறது. நனைந்த துணியிலும் பஞ்சிலும் பூசணம் பிடிக்க ஒன்றிரண்டு நாள் போதும். அதனால் "எவ்வளவு நன்றாகக் கழுவுவார்கள்" என்று கேட்பதற்கு முன்னால் "கழுவியதை எப்படிக் காயவைப்பார்கள்" என்று கேட்க வேண்டும். மாவட்டத்துக்குள்ளேயே இது மாறும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கும் தோவாளைப் பக்கம் அரை நாளில் காய்வது, ரப்பர் தோட்டத்து நிழலில் இருக்கும் குலசேகரம் பக்கத்து வீட்டில் இரண்டு நாளானாலும் காயாது.

இரண்டாவது, அழுக்கு எங்கே இருக்கிறது என்பது. மேலே கிடக்கும் தூசி, மணல், பிஸ்கட் துகள் ஒரு வகை. பஞ்சுக்குள் இறங்கிய பால், மீன் வெள்ளம், வாந்தி வேறு வகை. முதலாவதை யாரும் எடுத்துவிடலாம். இரண்டாவதற்கு உறிஞ்சி வெளியே எடுக்கும் மெஷின் வேண்டும்.

மூன்றாவது, வண்டியில் யார் போகிறார்கள். கைக்குழந்தை, ஆஸ்துமா உள்ளவர், வயதான அம்மா என்றால் வாசனை ஸ்பிரேயும் காரமான கெமிக்கலும் வேண்டாம். கதவை மூடிய கார் மிகச் சின்ன அறை. அதற்குள் இருப்பதை எல்லோரும் திரும்பத் திரும்ப மூச்சில் இழுக்கிறார்கள்.

அப்புறம் பணம். பில்லில் எழுதுகிற தொகையோடு, எழுதாத தொகையையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். கீழே ஒவ்வொரு வழியிலும் அதைத் தனியாகச் சொல்கிறேன்.

நம் ஊர் அழுக்கின் குணம்

சொத்தவிளை, சங்குத்துறை கடற்கரைக்குப் போய்விட்டு வந்தால் காலோடு வரும் மணலில் உப்பும் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கசியும். மழைக்காலத்தில் அடுக்களையில் உப்புப் பரணி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே உப்பு கார்பெட் நூலுக்குள் இருந்தால், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே கார்பெட் நசநசவென்று இருக்கும். மணலை வேக்கம் கிளீனர் எடுத்துவிடும். ஆனால் கரைந்து ஒட்டிய உப்பை எடுக்காது. நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் இரண்டு முறை ஒற்றி எடுத்தால்தான் போகும்.

மணவாளக்குறிச்சிக் கரையோரத்துக் கருமணலுக்கு இன்னொரு குணம். அதில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட், கார்னெட் போன்ற கனிமங்கள் இருப்பதால்தான் அங்கே மணல் ஆலையே நடக்கிறது. இல்மனைட் சாதாரண மணலைவிட ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு கனம். காரின் சாக்கெட்டில் செருகும் சின்ன வேக்கத்தால் அதை முழுதாகத் தூக்க முடிவதில்லை. கார்னெட்டோ, உப்புத்தாள் செய்யப் பயன்படும் கல். டிரைவரின் குதிகால் தினமும் அதன்மேல் அழுந்தினால் நாளடைவில் கார்பெட் அந்த இடத்தில் தேய்ந்து ஓட்டையாகும்.

மேற்குப் பக்கம் ரப்பர். ஒட்டுப்பாலையும் ஷீட்டையும் டிக்கியில் போட்டுக் கடைக்குக் கொண்டு போகிறவர்களுக்கு அந்த நாற்றத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் பால் சீட்டில் சிந்தினால் ஈரமாக இருக்கும்போதே தண்ணீர்த் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது. விரலால் உருட்டி உருட்டித்தான் உரிக்க முடியும். பெட்ரோல் தொட்டுத் துடைக்க வேண்டாம். சீட் துணியும் பஞ்சும் கெட்டுப்போகும், மூடிய வண்டிக்குள் பெட்ரோல் ஆவி தங்குவது உயிருக்கே ஆபத்து.

இனி நான்கு வழிகள்.

1. வீட்டில் நாமே செய்வது

செலவு: சாக்கெட்டில் செருகும் வேக்கம் சுமார் ரூ.1,500 முதல் 3,000. ஈரத்தையும் உறிஞ்சும் பெரிய வேக்கம் வேண்டுமானால் ரூ.5,000-க்கு மேல். அதோடு நான்கைந்து மைக்ரோஃபைபர் துணி, பெயின்ட் அடிக்கும் மென்மையான பிரஷ் ஒன்று, கார் இன்டீரியர் கிளீனர் ஒரு பாட்டில். ஒருமுறை வாங்கினால் வருடக்கணக்கில் ஓடும்.

இதன் பெரிய பலம், ஈரம் முழுவதும் நம் கட்டுப்பாட்டில் இருப்பது. எவ்வளவு தண்ணீர், எந்த நாளில், எவ்வளவு நேரம் கதவைத் திறந்து வைப்பது என்று எல்லாவற்றையும் நாமே முடிவு செய்கிறோம். இன்னொரு பலமும் உண்டு. கையால் துடைக்கும்போதுதான் வண்டியின் குறைகள் கண்ணில் படும். முன் இடப்பக்கம் கால் வைக்கும் இடம் மட்டும் நனைந்திருந்தால், பெரும்பாலும் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். டேஷ்போர்டு பெட்டிக்குள் எலிப் புழுக்கை கிடந்தால் வயரைக் கடிப்பதற்குள் சுதாரிக்கலாம். சீட்டுக்கு அடியில் உருண்டு கிடக்கும் தண்ணீர் பாட்டிலும் அப்போதுதான் அகப்படும். அது ஒருநாள் பிரேக் பெடலுக்குக் கீழே போய் மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உள்பக்கச் சுத்தம் பார்வைக்கு மட்டுமான விஷயம் அல்ல என்பதற்கு அந்த ஒரு பாட்டில் போதும்.

செய்யும் முறை எளிது. குப்பையையும் மேட்டையும் வெளியே எடுங்கள். மேலிருந்து கீழாக வாருங்கள்: கூரை, டேஷ்போர்டு, சீட், கடைசியில் தரை. கார்பெட்டை உள்ளங்கையால் தட்டித் தட்டி, மேலே எழும்பும் மணலை உடனே வேக்கத்தால் இழுங்கள். தட்டாமல் இழுத்தால் பாதி உள்ளேயே கிடக்கும். ஏசி ஓட்டைகளில் பிரஷை ஒரு கையாலும் வேக்கத்தை மறு கையாலும் பிடியுங்கள். கறையைத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பாலும் ரத்தமும் பட்ட இடத்தில் வெந்நீர் ஊற்றக் கூடாது. அது கறையை இறுக வைத்துவிடும், பச்சைத் தண்ணீர்தான் சரி. கண்ணாடியின் உள்பக்கத்தைக் கடைசியில் துடையுங்கள். டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து வரும் ஆவி கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். இரவு மழையில் மார்த்தாண்டம் மேம்பாலத்தில் எதிரே வரும் வெளிச்சம் கண்ணைக் கூச வைப்பதற்குப் பல வண்டிகளில் அந்தப் படலமும் ஒரு காரணம்.

மறைந்திருக்கும் செலவு, தவறான பொருள். பாத்ரூம் கிளீனர், பிளீச்சிங் இரண்டும் துணியின் நிறத்தை எடுக்கும், சீட் பெல்ட்டின் நூல்களையும் பலவீனமாக்கும். பெல்ட்டை மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்து, முழுதாக இழுத்து விட்டுக் காயவைத்த பிறகே உள்ளே போக விடுங்கள். அம்மோனியா கலந்த கண்ணாடி ஸ்பிரே தொடுதிரையின் மேல்பூச்சைக் கெடுக்கும். டேஷ்போர்டில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பளபளப்பு இரண்டு நாள் நிற்கும், அப்புறம் தூசி அதில் அப்பிக்கொள்ளும். முன் சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக், சீட் பெல்ட் சம்பந்தப்பட்டது. அங்கே தண்ணீரும் வேண்டாம், கையும் வேண்டாம்.

வாராந்தர, மாதாந்தரச் சுத்தத்துக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. பஞ்சுக்குள் இறங்கிய அழுக்குக்கு மட்டும் இது போதாது.

2. பக்கத்து வாட்டர் வாஷ் கடை

செலவு: சின்ன காருக்கு வெளியே ஃபோம் வாஷும் உள்ளே வேக்கமும் சேர்த்துப் பொதுவாக ரூ.400 முதல் 700 வரை. பெரிய வண்டிக்குக் கூடும். இன்டீரியர் ஷாம்பு என்றால் மேலும் சில நூறு ரூபாய்.

பலம், மெஷின்கள். நம் சின்ன வேக்கம் தூக்காத கருமணலை அவர்களுடைய பெரிய வேக்கம் தூக்கிவிடும். ரப்பர் மேட்டைப் பிரஷர் தண்ணீரில் அடித்தால் நொடியில் பளிச்சென்று ஆகும். முக்கால் மணி நேரத்தில் வண்டி கைக்கு வந்துவிடும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை சீசனுக்கு ஓய்வில்லாமல் ஓடும் டாக்சிக்காரர்களுக்கு இதுதான் நடைமுறையில் ஒத்துவரும்.

பலவீனத்தை ஒரே வரியில் சொல்லலாம்: நனைப்பதற்கு எல்லா வசதியும் இருக்கிறது, காயவைப்பதற்கு ஒன்றும் இல்லை. பெரும்பாலான கடைகள் திறந்த ஷெட்கள். ஈரத்தை உறிஞ்சி எடுக்கும் மெஷின் இல்லாமல் ஷாம்பு போட்டால், கரைந்த அழுக்கோடு தண்ணீர் கீழே பஞ்சுக்குத்தான் இறங்கும். மேலே துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். தொட்டுப் பார்த்தால் சுத்தமாகத் தோன்றும். அடியில் இருக்கும் பஞ்சு அப்படியே நனைந்து கிடக்கும். தரையில் ரெக்சின் மேட்டிங் ஒட்டியிருந்தாலும், ஓரம் உயர்ந்த 7டி மேட் போட்டிருந்தாலும் நிலைமை இன்னும் மோசம். அடியில் போன ஈரத்துக்கு வெளியே வர வழியே இல்லை. தரைத் தகடு துருப்பிடிப்பதும், தரையோடு போகும் வயர் கனெக்டர்களில் பாசி பிடிப்பதும் அங்கிருந்துதான் தொடங்கும். அந்தச் செலவு ஆயிரக்கணக்கில் வரும், இரண்டு வருடம் கழித்து வரும். அதனால் இந்தக் கடையோடு யாரும் அதைச் சேர்த்துப் பார்ப்பதில்லை.

இன்னும் இரண்டு விஷயம். சக்கரம் துடைத்த துணியாலேயே டேஷ்போர்டையும் துடைத்தால் பொடிமணல் கீறல் போடும். துணியை மாற்றச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். கடைசியில் எல்லாவற்றுக்கும் சிலிக்கான் பாலிஷ் அடிப்பார்கள். ஸ்டியரிங்கிலும் பெடலிலும் அது வழுக்கும், டேஷ்போர்டின் பளபளப்பு வெயிலில் முன்கண்ணாடியில் எதிரொளிக்கும். பாலிஷ் வேண்டாம் என்று வண்டியை விடும்போதே சொல்லிவிடுவது நல்லது.

என் முடிவு: வெளிக்கழுவலுக்கும் வேக்கத்துக்கும் தாராளமாகப் போகலாம். உள்ளே ஷாம்பு மட்டும் வேண்டாம். மழை மாதங்களில் கட்டாயம் வேண்டாம்.

3. டீடெய்லிங் கடை

செலவு: உள்பக்கத்துக்கு மட்டும் ஏறக்குறைய ரூ.2,500 முதல் 6,000 வரை, வண்டியின் அளவையும் நிலையையும் பொறுத்து. நேரம் அரை நாளிலிருந்து ஒரு நாள்.

இங்கே நாம் காசு கொடுப்பது முக்கியமாக ஒரு மெஷினுக்கு. அது தண்ணீரை அழுத்தத்தோடு பஞ்சுக்குள் செலுத்தி, அதே நொடியில் அழுக்கோடு உறிஞ்சி வெளியே எடுக்கும். மீன் வெள்ளமும் சிந்திய பாலும் உண்மையாகப் போவது இப்படித்தான். நீராவி மெஷினும் நல்ல கடைகளில் இருக்கும். கூரைத் துணி, சீட் தையல் இடுக்கு, ஏசி ஓட்டை இவற்றுக்குத் தண்ணீரே ஊற்றாமல் வேலை முடியும். தேவைப்பட்டால் சீட்டைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, ஃபேன் வைத்துக் காயவைப்பார்கள். என் வண்டியின் சாளை நாற்றம் கடைசியில் தீர்ந்தது இப்படித்தான்.

ஆனால் பெயர்ப் பலகையில் டீடெய்லிங் என்று எழுதிய எல்லாக் கடையிலும் இது நடப்பதில்லை. அதே ஷாம்பு பிரஷை ஏசி அறையில் வைத்துத் தேய்த்து மூன்று மடங்கு வாங்குகிறவர்களும் உண்டு. வண்டியை விடுவதற்கு முன் நான் கேட்கும் கேள்விகள் மூன்று: உறிஞ்சும் மெஷினைக் காட்ட முடியுமா? காயவைக்க எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறீர்கள்? சீட்டைக் கழற்றினால் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுச் செய்வீர்களா? மூன்றாவது கேள்வி முக்கியம். சீட் கனெக்டரைக் கழற்றிய நிலையில் யாராவது இக்னிஷனைப் போட்டுவிட்டால் ஏர்பேக் விளக்கு எரியத் தொடங்கும். அதை ஸ்கேனர் வைத்து அணைக்கத் தனிச் செலவு.

மறைந்திருக்கும் செலவு, கூடச் சேர்க்கும் சேவைகள். சீட் கோட்டிங், கிருமிநாசினிப் புகை, ஓசோன் என்று வரிசையாகச் சொல்வார்கள். ஓசோன் நாற்றத்தைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் அது நுரையீரலை உறுத்தும் வாயு, ஆள் இல்லாத வண்டியில் செய்து நன்றாகக் காற்றாட விட்ட பிறகே ஏற வேண்டும். ஓசோன் பட்டால் இயற்கை ரப்பரில் விரிசல் விழும் என்பதால் அடிக்கடி செய்வதும் நல்லதல்ல. அதைவிட முக்கியமாக, நாற்றத்தின் வேர் பஞ்சில் இருக்கும்போது ஓசோன் மட்டும் அடித்தால் இரண்டு வாரத்தில் நாற்றம் திரும்பி வரும்.

வருடத்துக்கு ஒருமுறை என்றால் தை, மாசியில் செய்யுங்கள். வடகிழக்கு மழை ஓய்ந்து, அடுத்த மழைக்கு மாதங்கள் இருக்கும் நேரம் அது. ஐப்பசிக்கு முன்னால் செய்தால் கொடுத்த காசில் பாதி மழையோடு போகும்.

4. சர்வீஸ் சென்டரில், சர்வீஸோடு சேர்த்து

செலவு: இன்டீரியர் கிளீனிங், ஏசி கிருமிநீக்கம் என்று தனித்தனி வரியாகப் பில்லில் வரும். மேலே ஜிஎஸ்டி. சேர்த்துப் பார்த்தால் டீடெய்லிங் கடையின் கீழ்வரம்பை நெருங்கிவிடும்.

எனக்கு இதில் பெரிய மதிப்பு தெரியவில்லை. அன்றைக்கு வரிசையில் நிற்கும் வண்டிகளுக்கு நடுவில் முக்கால் மணி நேரத்தில் செய்யும் வேலை அது. பஞ்சைக் காயவைக்க அங்கே நேரம் கிடையாது. பெயர் ஒன்றுக்கொன்று மாறினாலும் இரண்டு பேக்கேஜில் ஒரே வேலை இருப்பதும் உண்டு. பில் போடுவதற்கு முன் ஒவ்வொரு வரிக்கும் என்ன செய்வார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

ஆனால் இரண்டு வேலைகளுக்கு இதுவே சரியான இடம். ஒன்று, ஏசி தண்ணீர்க் குழாய் அடைப்பு. இன்னொன்று, ஏசி போட்ட முதல் நிமிடத்தில் மட்டும் வரும் ஊறல் நாற்றம். அது சீட்டிலிருந்து வருவதல்ல, டேஷ்போர்டுக்குள் இருக்கும் குளிர்க்கலனில் படிந்த பூசணத்திலிருந்து வருகிறது. அதற்கு எத்தனை முறை சீட்டைக் கழுவினாலும் பயனில்லை. வீடு சேர்வதற்கு நாலைந்து நிமிடம் முன்பே ஏசியை அணைத்து, ஃபேனை மட்டும் ஓட விட்டால் அந்தக் கலன் காய்ந்துவிடும். இந்தப் பழக்கம் இருந்தால் நாற்றம் வருவதே அரிது.

காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பல கார்களில் அது இடப்பக்கப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும், கழற்றி மாட்ட ஐந்து நிமிடம். ஃபில்டர் மட்டும் வாங்கினால் சில நூறு ரூபாய்தான்.

நான்கையும் பக்கத்தில் வைத்தால்

| | வீட்டில் | வாட்டர் வாஷ் | டீடெய்லிங் | சர்வீஸ் சென்டர் |
|---|---|---|---|---|
| ஈரம் காய்வது | நம் கையில் | உத்தரவாதம் இல்லை | நல்ல கடையென்றால் நன்று | நேரம் ஒதுக்குவதில்லை |
| மேலே கிடக்கும் மணல், தூசி | நன்று, கருமணல் கஷ்டம் | மிக நன்று | மிக நன்று | பரவாயில்லை |
| பஞ்சில் இறங்கிய கறை, நாற்றம் | போதாது | மோசமாக்கும் | இதுதான் வழி | போதாது |
| ஏசி நாற்றம் | ஃபில்டர் வரை | இல்லை | ஓரளவு | இதுதான் வழி |
| ஒருமுறைச் செலவு | கருவி வாங்கிய பின் சொற்பம் | ரூ.400–700 | ரூ.2,500–6,000 | நடுத்தரம் |
| பில்லில் வராத செலவு | தவறான கெமிக்கல் | துரு, வயரிங், பூசணம் | கூடுதல் சேவைகள், ஏர்பேக் விளக்கு | இரட்டை பேக்கேஜ் |
| ஏற்ற காலம் | எப்போதும், மழையில் உலர் சுத்தம் மட்டும் | தை முதல் வைகாசி வரை | தை, மாசி. விபரீதம் நடந்த உடனே | சர்வீஸ் நாளில் |

சில குறிப்பிட்ட சூழ்நிலைகள்

மீன் வெள்ளம் சிந்தினால் முதல் ஒரு மணி நேரம்தான் முக்கியம். துணியையோ பழைய பேப்பரையோ வைத்து அழுத்தி முடிந்தவரை உறிஞ்சுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். மீன் நாற்றத்துக்குக் காரணமான பொருள் காரத்தன்மை கொண்டது. அதனால் தண்ணீர் கலந்த வினிகரை லேசாகத் தெளித்து ஒற்றி எடுத்தால் அடங்கும். பால் புளித்த நாற்றமும் வாந்தி நாற்றமும் அமிலம். அதற்குச் சமையல் சோடாவைத் தூவி, ஓர் இரவு விட்டு, வேக்கத்தால் எடுக்க வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்தால் பலன் இருக்காது. அதற்கு மேலும் நாற்றம் இருந்தால் நேராக டீடெய்லிங் கடைதான், இடையில் வேறு முயற்சி வேண்டாம். மீனுக்கு டிக்கியில் மூடி உள்ள ஒரு தெர்மோகோல் பெட்டி வைத்துவிட்டால் இந்தப் பாடே இல்லை.

திற்பரப்பு அருவியில் குளித்துவிட்டு ஈர உடையோடு ஏறுகிற நாளில் சீட்டில் விரிக்க இரண்டு பழைய துவாலை எப்போதும் வண்டியில் இருக்கட்டும். ரெக்சின் சீட் கவர் போட்டிருந்தால் ஈரம் உள்ளே போகாது என்று நினைக்கிறோம். தையல் வழியாகப் போகும், போனது வெளியே வராது. மாதம் ஒருமுறை கவரின் ஓரத்தைத் தூக்கி முகர்ந்து பாருங்கள்.

எலி புகுந்த வண்டியை உலர்ந்த நிலையில் பெருக்கவோ வேக்கம் போடவோ கூடாது. எலி மூத்திரம் பட்ட தூசி காற்றில் கிளம்பும். கையுறையும் மாஸ்கும் போட்டு, கிருமிநாசினித் தண்ணீரைத் தெளித்து நனைத்து, துணியால் வழித்து எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள். எலிக்காய்ச்சல் நம் பகுதிக்குப் புதிதல்ல. கையில் காயம் இருந்தால் வேறு யாரையாவது செய்யச் சொல்லுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு இந்த நான்கில் எதுவும் முதல் வேலை அல்ல. 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் மழை வெள்ளம் வந்தபோது, வண்டியை உடனே கழுவிச் சுத்தப்படுத்திவிட்டு இன்சூரன்ஸ் கேட்கப் போய்ச் சங்கடப்பட்டவர்களை எனக்குத் தெரியும். ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீர் ஏறிய உயரம் தெரியும்படி உள்ளும் புறமும் போட்டோ எடுத்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, சர்வேயர் பார்த்த பிறகே கை வைக்கலாம். அந்த மழைகளுக்குப் பிறகு பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் கார்பெட்டைத் தூக்கி முகர்ந்துதான் பார்க்கிறார்கள். வெறும் அலட்சியத்தால் பூசணம் பிடித்த வண்டியைக்கூட வெள்ளத்தில் நின்ற வண்டி என்று நினைத்து விலை குறைப்பார்கள். அதைப் பொய் என்று நிரூபிக்க நம்மால் முடியாது.

நாற்றத்தை வாசனை பாட்டிலால் மறைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்றம் என்பது எங்கோ ஈரம் இருக்கிறது என்ற தகவல். அதை மல்லிகை மணத்தால் மூடினால் தகவல்தான் போகும், ஈரம் அங்கேயே இருக்கும். பாச்சை உருண்டையை வண்டிக்குள் போடவே கூடாது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த ஆவி ரத்த அணுக்களையே சிதைக்கும். குறைபாடு இருப்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதுகூட இல்லை. சிரட்டைக்கரியைத் துணியில் கட்டி வைப்பது பாதுகாப்பான வழி. கடையில் விற்கும் ஆக்டிவேட்டட் கார்பன் பை அதைவிட நன்றாக உறிஞ்சும்.

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருகிறவர்களுக்கு

நம் மாவட்டத்தில் எத்தனையோ கார்கள் வருடத்தில் பத்து மாதம் போர்டிகோவில் பூட்டிக் கிடக்கின்றன. விடுப்பில் வந்த அன்று கதவைத் திறந்தால் பெல்ட்டிலும் ஸ்டியரிங்கிலும் வெள்ளைப் பூசணம். உடனே ஷாம்பு வாஷுக்கு ஓடாதீர்கள். வெயிலில் நான்கு கதவையும் திறந்து வைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு, லேசாக ஈரமான துணியால் பூசணத்தை வழித்து எடுங்கள். உலர்ந்த பிரஷ் வேண்டாம், தூள் பறக்கும். அப்புறம் கார்பெட்டில் பழைய பேப்பரை வைத்து ஒரு நிமிடம் மிதித்துப் பாருங்கள். பேப்பர் நனைந்தால் டீடெய்லிங் கடை, நனையாவிட்டால் வீட்டுச் சுத்தமே போதும்.

திரும்பிப் போகும்போது மேட்டுகளை எடுத்து வீட்டுக்குள் வையுங்கள். உணவுத் துகள் ஒன்றுகூட இல்லாமல் வேக்கம் போடுங்கள், அதைத் தேடித்தான் எலி வரும். ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்றை டிக்கியில் சாயாதபடி வைத்து, நிறைந்ததா என்று பார்த்துக் கொட்டுவதற்கு ஆள் சொல்லுங்கள். சாவியை ஓட்டத் தெரிந்த தம்பியிடமோ மச்சானிடமோ கொடுத்து, வாரம் ஒருமுறை அரைமணி நேரம் ஏசி போட்டு சுங்கான்கடை வரை ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி வெறுமனே ஐந்து நிமிடம் இன்ஜினை ஓட விட்டால் உள்பக்கம் காயாது.